அவர் மேலும் கூறியதாவது

மடிப்பு என்றுதான் அலுவலகத்தில் அவனைக் கூப்பிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய மனிதனை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. முழுக் கதையையும் கேட்டுவிட்டு, மரியாதை தரலாம் என்று தோன்றினால் நீங்களே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். இங்கே அவன்தான்.

ஒரு மாலைப் பத்திரிகையில் முதல் பக்கத்தை வடிவமைக்கிற வேலை அவனுக்கு. காலையில் நிருபர்கள் கொண்டுவந்து கொட்டுகிற செய்திகள், படங்கள், இடையில் வந்து விழுகிற விளம்பரங்கள் எல்லாவற்றையும் ஒரு பெரிய தாளுக்குள் அடைத்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அச்சுக்கு அனுப்ப வேண்டும். பத்திரிகை நடுவில் மடித்துத்தான் கடைக்குப் போகிறது. தெருவில் போகிறவன் கண்ணில் படுவது மேல்பாதி மட்டும். வாங்கிப் பிரித்தால்தான் கீழ்ப்பாதி. ஆகவே ஆளை இழுக்கிற சரக்கெல்லாம் மடிப்புக்கு மேலே, ஒப்புக்குப் போடுகிறதெல்லாம் மடிப்புக்குக் கீழே. பத்திரிகைத் தொழிலில் கால் வைத்த எவனுக்கும் முதல் நாளே தெரிந்துவிடுகிற விஷயம் இது. நம் ஆள் மட்டும் இதைத் தானே கண்டுபிடித்த மாதிரி முப்பது வருஷமாக அலட்டிக்கொண்டிருந்தான்.

தாளோடு விட்டானா என்றால் அதுவும் இல்லை. மனிதர்களையும் அப்படியே பிரித்து வைத்திருந்தான். உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "மாப்பிள்ளையோட பெரியப்பா மடிப்புக்கு மேல. சித்தப்பா கீழ. அதோ அந்தச் சட்டைக்காரர் ஒத்தைக் காலத்துக்குக்கூடத் தேற மாட்டாரு" என்பான். பத்திரிகையில் ஒரு பத்தியின் அகலத்தைக் 'காலம்' என்பார்கள். எட்டுக் காலம் என்றால் பக்கம் முழுக்க. மச்சினனுக்கு வேலை கிடைத்தபோது "பெட்டிச் செய்தி போடலாம்" என்று முதுகில் தட்டினான். பக்கத்து வீட்டுக்காரரின் அம்மா செத்துப்போனபோது, துக்கம் கேட்கப் போன இடத்திலேயே, "துணுக்கு" என்று மனைவியின் காதில் முணுமுணுத்தான். அவள் அன்றைக்கு அவனோடு பேசவே இல்லை.

அவனுடைய கணினித் திரையின் ஓரத்தில் ஒரு படம் ஒட்டியிருந்தது. எப்போதோ புகைப்படக்காரர் பேருந்து நிறுத்தத்தில் எடுத்தது. கையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு ஒரு ஆள் வாயைப் பிளந்து கொட்டாவி விடுகிறான். யார் பெற்ற பிள்ளையோ. இரவெல்லாம் எங்கோ காவல் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகிறவனாகக்கூட இருக்கலாம். மடிப்புக்கு அந்த விசாரமெல்லாம் கிடையாது. "இவன்தாம்ப்பா நம்ம வாசகன்" என்று ஒட்டி வைத்துவிட்டான். அன்றையிலிருந்து அந்த அலுவலகத்தில் வாசகனுக்குக் கொட்டாவி என்றே பெயர். "கொட்டாவிக்கு இவ்வளவு விளக்கம் எதுக்கு?" "கொட்டாவிக்கு இந்த வார்த்தை புரியாது, மாத்து." பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்பியதும் மடிப்பு சோம்பல் முறித்துக்கொண்டு தினமும் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு. "கொட்டாவிக்கு இது போதும்."

கொட்டாவியைப் பற்றி அவன் ஒரு சித்தாந்தமே வைத்திருந்தான். கொட்டாவி படத்தைப் பார்ப்பான். தலைப்பைப் பார்ப்பான். முதல் இரண்டு வரியை மேய்வான். அப்புறம் அடுத்ததுக்குத் தாவிவிடுவான். கடைசிப் பாராவை எவனும் படித்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகவே இடம் போதாவிட்டால் வாலில் வெட்டு. இது அவன் மட்டும் செய்வதல்ல, அந்தத் தொழிலின் வழக்கமே அதுதான். நிருபர்களுக்கும் தெரியும். முக்கியமானதைத் தலையில் வைத்து, போனால் போகட்டும் என்பதை வாலில் வைத்து எழுத வேண்டும். நகராட்சிச் செய்தி எழுதுகிற நிருபர் ஒருவருக்கு மட்டும் இது கடைசி வரை கைவரவில்லை. பெரிய மனிதர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடிவிட்டு, விஷயத்தை வாலில் வைத்து எழுதுவார். தினமும் அது வெட்டுப்படும். அதனால் மடிப்பு அவருக்கு 'வால்' என்று பெயர் வைத்திருந்தான்.

பத்திரிகை இந்தக் கொட்டாவியை எப்படியெல்லாம் கூப்பிட்டது என்று பார்க்க வேண்டும். பயமுறுத்துகிற நாளில் 'நீங்கள்'. உங்கள் வீட்டுத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது தெரியுமா என்று மடிப்புக்கு மேலே கொட்டை எழுத்தில் கேட்கும். ஒன்றும் கலக்கவில்லை என்று உள்பக்கத்தில் பதில் சொல்லும். சாலையில் பள்ளம் விழுந்தால் 'பொதுமக்கள்'. அந்தப் பொதுமக்களுக்கு அவதிப்படுவதைத் தவிர வேறு வேலையே கிடையாது. நடிகையின் படம் போட்டால் 'ரசிகர்கள்'. கறை போக்குகிற வழி சொன்னால் 'இல்லத்தரசிகளே'. விலையை ஏற்றுகிற அன்றைக்கு மட்டும் 'அன்பார்ந்த வாசகப் பெருமக்களே' என்று கும்பிடு போடும். ஊர் முழுக்க இத்தனை விதமாக அழைத்தாலும் அழைக்கிறவன் கண் முன்னால் இருந்தது அந்தப் பிளந்த வாய் ஒன்றுதான்.

இதில் கூத்து என்னவென்றால், மடிப்பு எதையுமே படிக்க மாட்டான். கொட்டாவியாவது இரண்டு வரி மேய்ந்தான், இவன் அதுகூட இல்லை. செய்தி அவனுக்கு நீளம், அகலம், அவ்வளவுதான். அணை உடைந்தாலும் ஆடு காணாமல் போனாலும் அவன் கேட்கிற கேள்வி ஒன்றே. "எத்தனை சென்டிமீட்டர்?" எழுத்து நிறைந்த பகுதியைச் 'சாம்பல்' என்பான். "இங்க சாம்பல் ஜாஸ்தியாத் தெரியுது, ஒரு படத்தை எறி" என்பான். தான் முப்பது வருஷமாக நிரப்பிய பக்கங்களில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் அவனால் ஒன்றுகூடச் சொல்ல முடியாது. எந்த நாளில் எந்தப் படம் எத்தனை காலத்தில் போனது என்று மட்டும் துல்லியமாகச் சொல்வான்.

படித்தவள் அவன் மனைவி. பேருந்து நிலையத்தை ஒட்டிய பழைய சந்தையில், சாவி செய்கிறவர் கடைக்கும் பைகள் விற்கிறவர் கடைக்கும் நடுவில், தகரத் தடுப்புக்குள் ஒரு தையல் மிஷின் போட்டிருந்தாள். பேன்ட்டின் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பள்ளிச் சீருடை தைப்பது. மடிப்பின் சம்பளம் பெயருக்குத்தான். வீடு ஓடியது அந்த மிஷினில். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால், "பொழுதுபோக்குக்கு ஏதோ தைக்கிறா" என்பான்.

கைக்கும் காலருக்கும் அளவு வெட்ட அவளுக்குத் தாள் வேண்டும். அதற்குப் பழைய பத்திரிகைதான். வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுவாள். ஜிப் தைக்கிறபோது எப்படி முதல் பல்லிலிருந்து கடைசிப் பல்வரை விடாமல் போவாளோ அப்படித்தான் செய்தியையும் படிப்பாள். புருஷன் போடுகிற பக்கம் என்பதால் முதல் பக்கத்தின்மேல் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஊரில் இன்னொரு மாலைப் பத்திரிகை உண்டு. அலுவலகத்தில் அதை 'எதிர்வீடு' என்பார்கள். அது வீட்டுக்குள்ளும் வரக்கூடாது, கடைக்குள்ளும் வரக்கூடாது என்பது மடிப்பு போட்ட சட்டம். "அந்தக் குப்பையை வச்சு அளவுகூட வெட்டாத. சட்டை கோணிக்கும்" என்பான். அவளும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நகராட்சி பழைய சந்தையை இடிக்கப் போவதாகச் சொன்னது. பக்கத்திலேயே புதுக் கட்டடம் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. ஆனால் அதில் கடைகள் குறைவு. பழைய ஆட்களுக்குக் குலுக்கல் போட்டு இடம் தருவோம் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. இடம் கிடைக்காவிட்டால் மிஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீடு இருக்கிற சந்துக்குள் எவன் பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு தேடி வருவான்? பேருந்தை விட்டு இறங்குகிற கூட்டம்தான் அவளுடைய பிழைப்பு. அது போனால் எல்லாம் போச்சு.

சந்தையில் எல்லோரும் அவளைத்தான் சுற்றினார்கள். சாவிக்காரர் தினமும் கேட்பார். "என்னம்மா, உங்க வீட்டுக்காரர் பத்திரிகையிலயே இருக்காரு. குலுக்கல் எப்பன்னு முன்னாடியே தெரியாதா?"

"வந்தா முதல்ல அவருக்குத்தான் தெரியும், அண்ணே. பேப்பர்லயும் வந்துடும். நீங்க நிம்மதியா இருங்க" என்பாள்.

வீட்டில் அவனிடமும் சொல்லி வைத்தாள். "ஏங்க, சந்தைக் குலுக்கல் பத்தி ஏதாவது வந்தா மறக்காமச் சொல்லுங்க. நாலு பேர் என்னை நம்பியிருக்காங்க."

"ம்" என்றான். கைப்பேசியில் எதிர்வீட்டுக்காரன் தலைப்பு வைத்த லட்சணத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

சொன்ன மாதிரியே செய்தி வந்தது. நகராட்சித் தலைவர் காலையில் நிருபர்களைக் கூப்பிட்டுப் பேசினார். வால் வழக்கம்போலத் தலைகீழாகத்தான் எழுதிக் கொடுத்தார். புதுக் கட்டடத்தால் நகரின் அழகு கூடும் என்று தலைவர் பெருமிதப்பட்டதை முதலில் வைத்தார். கண்ணாடி முகப்பு, நீரூற்று, வாகனம் நிறுத்த இடம் என்று நடுவில் அடுக்கினார். குலுக்கல் நாளை மறுநாள் காலை நகராட்சி மாடியில், நேரில் வராதவர்களுக்கு உரிமை கிடையாது என்பதைக் கடைசிப் பாராவில் வைத்தார். தலைவர் அதைக் கடைசியில்தான் சொன்னாராம். அதே வரிசையில் வாலும் எழுதினாராம். துணை ஆசிரியர் அதற்கு 'நகருக்குப் புதிய அழகு' என்று தலைப்புக் கொடுத்தார். அவர் தொட்டது தலைப்பை மட்டும்தான்.

மடிப்பு அதைக் கீழ்ப்பாதியில் இரண்டு காலத்தில் வைத்தான். பக்கம் முடியப் போகிற நேரத்தில் புகைப்படக்காரர் ஒரு படத்தோடு ஓடி வந்தார். ஒரு தெருநாய் பணம் எடுக்கிற இயந்திர அறைக்குள் புகுந்து, ஏசி காற்றில் கால்களை நீட்டித் தூங்குகிறது. செய்தி ஆசிரியர் பார்த்துவிட்டு மகிழ்ந்துபோனார்.

"இதைப் போடு, மடிப்பு. ஜனங்க ரசிப்பாங்க."

"எங்க சார் இடம்?"

"ஏதாவது ஒண்ணுல வாலை வெட்டு."

திரையில் மடிப்பின் கண் ஓடியது. நீளமாக இருந்தது 'நகருக்குப் புதிய அழகு'தான். சந்தை என்ற சொல் அதன் முதல் வரியிலேயே இருந்தது. மனைவி சொல்லி வைத்தது ஞாபகம் வருவதற்கு அந்த ஒரு வரியைப் படித்திருந்தாலே போதும். அவனுக்குத் தெரிந்தது சாம்பல். நாய்க்கு எத்தனை சென்டிமீட்டர் வேண்டுமோ அத்தனையை வாலிலிருந்து எடுத்தான். படம் கச்சிதமாக உட்கார்ந்தது. கைகளைத் தலைக்கு மேலே தூக்கிச் சோம்பல் முறித்தான். "கொட்டாவிக்கு இது போதும்" என்றான்.

அன்று சாயங்காலம் மனைவி பத்திரிகையோடு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, எங்க சந்தை பத்தி வந்திருக்கே."

"அப்படியா?"

"நீங்கதானே போட்டீங்க. ஆனா பாதியில நிக்குதுங்க. இங்க பாருங்க. 'அவர் மேலும் கூறியதாவது' அப்படின்னு போட்டு முடிஞ்சிருச்சு. அதுக்குக் கீழ நாய் படுத்திருக்கு."

அவன் எட்டிப் பார்த்தான். வெட்டிய இடம் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருந்தது. அந்த ஒரு வரியையும் சேர்த்து எடுத்திருக்க வேண்டும், நேரம் இல்லாமல் போய்விட்டது. ஆனால் பெண்டாட்டியிடம் அதை ஒத்துக்கொண்டால் முப்பது வருஷக் கெத்து என்னாவது?

"மேலும் என்ன கூறினாராம்?" என்று கேட்டாள்.

"ஏதாவது கூறியிருப்பாரு. அந்த ஆளுக்குப் பேசுறதுக்கா பஞ்சம்?"

"குலுக்கல் பத்தி இருக்குமோன்னு பார்த்தேன்."

"பெரிய விஷயமா இருந்தா மடிப்புக்கு மேல வந்திருக்கும். இத்தனை வருஷம் என்கூட இருக்க, இதுகூடத் தெரியலையே உனக்கு" என்றவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

அலுவலகத்துக்கு ஒரு போன் செய்திருக்கலாம். வாலைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். குளியலறையில் அவன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். வெளியே அவள் அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படித்தாள். பெரிய விஷயமாக இருந்தால் மேலே வந்திருக்கும் என்று தொழில் தெரிந்தவர் சொல்லிவிட்டார், அப்புறம் என்ன. மறுநாள் சாவிக்காரர் கேட்டபோதும் அதையே சொன்னாள். "இன்னும் தேதி சொல்லலண்ணே. பெருசா வரும்போது முதல் பக்கத்துல மேலேயே வரும்னு அவரு சொன்னாரு."

குலுக்கல் நடந்த அன்று காலையில் அவள் வழக்கம்போலக் கடை திறந்து, ஒரு பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். பைக்கடைக்காரர் மட்டும் கடை திறக்கவில்லை. மதியத்துக்கு மேல் சிரித்த முகமாக வந்தார். நுழைவாசல் பக்கத்திலேயே தனக்கு இடம் விழுந்திருக்கிறது என்றார். எதிர்வீட்டுப் பத்திரிகை வாங்குகிறவர் அவர். அதில் தேதி முதல் வரியிலேயே இருந்ததாம். "நீங்க ஏம்மா வரல? நீங்கதான் முதல் ஆளா இருப்பீங்கன்னு நினைச்சேனே. உங்களுக்கு வேற ஏதோ ஏற்பாடு இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார்.

அவள் மிஷினை நிறுத்தினாள். பக்கத்துக் கடையிலிருந்து சாவிக்காரர் எட்டிப் பார்த்தார். அவரும் போகவில்லை, அந்த வரிசையில் அவளை நம்பிய ஒருவரும் போகவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லாமல் கடையை இழுத்துப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். அழவில்லை. "அந்தச் செய்தியோட மீதி எங்க இருக்கு? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் அலுவலகத்தில் மடிப்பு கணினியில் பழைய செய்தியைத் தேடி எடுத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு செய்தியைக் கடைசி வரை படித்தான். அவர் மேலும் கூறியதாவது. அதற்குக் கீழே தேதி, நேரம், மாடி, உரிமை கிடையாது என்பது எல்லாம் வரிசையாக இருந்தன. அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதை மூடினான். அந்த நேரத்திலாவது மனிதனாக இருந்திருக்கலாம். வீட்டுக்குப் போய், தப்பு பண்ணிட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"பார்த்தீங்களா?" என்று அன்று இரவு சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"பார்த்தேன். அந்த நிருபர் எழுதவே இல்ல."

"எழுதவே இல்லையா?"

"சோம்பேறி. அதுக்குத்தான் அவனுக்கு வால்னு பேர் வச்சேன்" என்றான். தட்டில் இருந்ததைக் குனிந்து சாப்பிட்டான். வயிறு நிறையவே சாப்பிட்டான்.

இடம் கிடைக்காதவர்கள் ஒன்று சேர்ந்து நகராட்சி வாசலில் உட்கார்ந்தார்கள். மறு குலுக்கல் வேண்டும் என்று கேட்டார்கள். அவளும் போனாள். சாவிக்காரர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செய்தி சேகரிக்க வால் வந்தார், எதிர்வீட்டு நிருபரும் வந்தார். வாலைப் பார்த்ததும் அவளுக்கு அத்தனை நாள் அடக்கி வைத்தது பொங்கிவிட்டது. எழுந்து நேராகப் போனாள்.

"ஏன் சார் எழுதல? உங்க வேலை அதுதானே? இத்தனை குடும்பம் தெருவுக்கு வந்து நிக்குதே, உங்களுக்கு ஒரு வரி எழுத வலிச்சதா?"

வால் பாவம் திருதிருவென்று விழித்தார். அவள் யார் என்று அவருக்குத் தெரியும். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் மென்று முழுங்கினார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு வாயைத் திறந்தார்.

"எழுதினேம்மா. தேதி, இடம் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். வெட்டினது யாருன்னு உங்க வீட்டுலதான் கேக்கணும்."

அவள் அப்படியே நின்றாள். வெட்டினதைக்கூட ஒருவேளை மன்னித்திருப்பாள். தட்டின் முன்னால் உட்கார்ந்து, வாய் நிறைய சாப்பிட்டுக்கொண்டே, எழுதவே இல்லை என்றானே. எதிர்வீட்டு நிருபர் பக்கத்தில் வந்து, "என்னம்மா விஷயம்?" என்று கேட்டார். அவள் விஷயத்தைச் சொன்னாள். முழுசாகச் சொன்னாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். சாவிக்காரர் மெல்லத் திரும்பி உட்கார்ந்தார்.

அலுவலகத்துக்கு வந்த வால் செய்தியை எழுதி முடித்துவிட்டு, மடிப்பின் மேஜைப் பக்கம் வந்தார்.

"கடைசிப் பாரா ஒண்ணு இருக்கு. வெட்டுறதுக்கு முன்னாடி படிச்சுட்டு வெட்டு."

மடிப்பு படித்தான். 'குலுக்கல் அறிவிப்பு முழுமையாக வெளியாகாததே தாங்கள் இடம் இழந்ததற்குக் காரணம் என்று தையல் தொழிலாளி ஒருவர் தெரிவித்தார். இப்பத்திரிகையில் பணிபுரியும் தன் கணவரே அச்செய்தியைப் படிக்கவில்லை என்றும் அவர் கூறினார்.' படங்களும் வந்திருந்தன. ஒன்றில் அவன் மனைவி நடுவில் நின்று, கையை நீட்டி, வாயைத் திறந்து பேசிக்கொண்டிருக்கிறாள். முப்பது வருஷமாக அந்த வீட்டில் அவள் அப்படிப் பேசி அவன் பார்த்ததில்லை. இன்னொன்றில் உட்கார்ந்திருந்தவர்களின் முதுகுகள் மட்டும் தெரிந்தன.

அவன் முதுகுகளை எடுத்தான், ஒற்றைக் காலத்தில் கீழே வைத்தான். நல்ல இடம் மிச்சம் இருந்தது. கடைசிப் பாரா தாராளமாகப் போகும். அன்றைக்கு நாயும் இல்லை, பூனையும் இல்லை, யாரும் வெட்டச் சொல்லவும் இல்லை. அவனாகவே வாலை வெட்டினான். 'அவர் மேலும்' என்று எதுவும் தொங்காமல் இந்தத் தடவை சுத்தமாகவே வெட்டினான். விழுந்த பள்ளத்தை நிரப்ப உப்புக்கறை போக்கும் குறிப்பு ஒன்றைச் செருகினான். இல்லத்தரசிகளே என்று அது ஆரம்பித்தது. அன்று மட்டும் வழக்கமான வாக்கியத்தைச் சொல்லவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது முன்னறையில் அவன் சாய்வு நாற்காலி இல்லை. அந்த இடத்தில் மிஷின் உட்கார்ந்திருந்தது. சந்தையிலிருந்து தூக்கிவந்துவிட்டாள். நாற்காலி சமையலறைக் கதவுக்குப் பின்னால் மடக்கிச் சாத்தியிருந்தது. அவள் தலை நிமிராமல் எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் பலகையின்மேல் இரண்டு பத்திரிகைகள் கிடந்தன. ஒன்று அவனுடையது, இன்னொன்று எதிர்வீடு.

"கடைசில நான் ஒண்ணு சொல்லியிருந்தேனே. உங்க நிருபரும் எழுதிக்கிட்டாரு, பார்த்தேன். உங்க பேப்பர்ல அது காணோமே" என்றாள்.

"இடம் இல்ல" என்றான்.

"நாய்க்கு இருந்துச்சு."

மிஷின் ஓடியது. நின்றது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எத்தனை நாளா கொட்டாவி கொட்டாவின்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க. யாரோ ஊர்ல இருக்கிற ஆளைச் சொல்றீங்கன்னு நானும் கேட்டுச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். அந்தப் பேப்பரைக் கடைசி வரைக்கும் படிச்சது நான்தாங்க. அங்க ஒண்ணும் இல்ல."

அவன் எதிர்வீட்டுப் பத்திரிகையைக் கையில் எடுத்தான். எடுக்காமல் இருந்திருக்கலாம். மடிப்புக்கு மேலே, எட்டுக் காலத்துக்கு, கொட்டை எழுத்தில் 'செய்தியைப் போட்டவரே படிக்கவில்லை: பறிபோனது மனைவியின் கடை' என்று இருந்தது. கீழே அவள் படம், கையை நீட்டி, வாயைத் திறந்து. அவனுடைய குடும்பத்தில் இதுவரை யாரும் அந்த இடத்துக்குப் போனதில்லை.

முதலில் அவன் கவனித்தது என்ன தெரியுமா? தலைப்பு மூன்று வரி ஓடியிருக்கிறது, இரண்டில் அடக்கியிருக்கலாம் என்பதைத்தான். அந்த ஜென்மம் அப்படி. அப்புறம்தான் படித்தான். நின்றுகொண்டே, உட்கார நாற்காலி இல்லாமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தான். சாவிக்காரரும் அவளுமாகச் சேர்ந்து தலைவரைப் பார்த்து மனு கொடுத்தது, மறு குலுக்கலுக்கு வழியே இல்லை என்று அவர் சிரித்துக்கொண்டே கைவிரித்தது எல்லாம் கடைசிப் பாராவில் இருந்தன. கடை போனது போனதுதான்.

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"கடைசி வரைக்குமா?"

"ம்."

"அதுல எங்கயாவது பாதியில நிக்குதா?"

"இல்ல."

"நாளையில இருந்து வீட்டுக்கு அதையே போடச் சொல்லிட்டேன்."

அவன் தன் பத்திரிகையைப் பார்த்தான். அவள் அதைப் பிரித்துத் துணியின்மேல் விரித்து, சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இது?" என்று கேட்டான்.

"கைக்கு அளவு வெட்ட ஆகும்" என்றாள். கத்தரிக்கோலை எடுத்தாள். "தாள் நல்லாத்தான் இருக்கு."